சிவப்புப் பொட்டு வைத்த அரணை

இங்கன வாங்க தம்பி, இந்தப் பக்கம் உக்காருங்க. அந்தப் பக்கம் இப்ப நிழலாத்தான் இருக்கும். போட்டு ஜெட்டிய விட்டுத் திரும்பினதும் வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். நீல் தீவுல இருந்து போர்ட் பிளேருக்கு எத்தன தடவ போயிருக்கேன், எந்த சீட்டுல காத்து வரும், எந்த சீட்டுல டீசல் வாடை வரும்னு எனக்குத் தெரியாதா? பைய மடியில வச்சுக்கிடுங்க, தரையில தண்ணி வரும். எந்த ஊரு? மதுரைப் பக்கமா? எதுவா இருந்தா என்ன, தமிழ் ஆளுல்லா, அது போதும்.

என் பேரு திரவியம். சொந்த ஊரு திருச்செந்தூர் பக்கம். சின்ன வயசுல கப்பல் ஏறினவன். போர்ட் பிளேர் துறைமுகத்துல, கப்பல்ல இருந்து சரக்கு தூக்கி எறக்குற வின்ச் ஓட்டிக்கிட்டிருந்தேன். ரிட்டயர் ஆனதும் நீல் தீவுல கொஞ்சம் நெலம் வாங்கி, ஒரு ஓட்டு வீடு கட்டி, பாக்கும் வாழையும் போட்டு உக்காந்தாச்சு. நல்ல வாழ்க்கைதான், ஒரு குறையும் இல்ல. இப்ப என் வீட்டுக்காரியக் கூட்டிட்டு வரப் போறேன். பிரம்மசக்தின்னு பேரு. மழை தொடங்கும்போது சென்னைக்கு மக வீட்டுக்குப் போனவ, மழையே முடியப் போகுது, இப்பதான் வாரா. கப்பல் நேத்தே வந்துட்டு. ராத்திரி போர்ட் பிளேர்லயே, ஜங்லிகாட்ல, அவ சித்தி மக வீட்டுல தங்கிட்டு, இப்ப நேரா ஜெட்டிக்கு வந்துருவா. சாயந்தர போட்டுல ரெண்டு பேரும் திரும்பணும்.

திரும்புவாளாங்கறதுதான் இப்ப கேள்வி. "வந்து பாக்கேன். பழைய மாதிரியே இருந்தா அடுத்த கப்பல்ல ஏறிருவேன்"னு சொல்லியிருக்கா. சும்மா சொல்ற ஆளு இல்ல அவ. சொன்னா செஞ்சுருவா. அதனாலதான் காலையில இருந்து எனக்குச் சோறு எறங்கல.

அவ எதுக்குப் போனா தெரியுமா? ஒரு அரணையால. சிரிக்காதீங்க. உண்மையாத்தான் சொல்லுதேன்.

நம்ம ஊரு அரணை இல்ல அது. அது தடியா, எண்ணெய் தேச்சுவிட்ட மாதிரி இருக்கும்லா, இது சின்னது. என் சுண்டு விரல் தண்டிதான் இருக்கும். மூக்குல இருந்து வால் வரைக்கும் முதுகு நடுவுல சந்தன நெறத்துல ஒரு கோடு. ரெண்டு பக்கமும் காப்பித்தூள் நெறம். இந்தத் தீவுகள விட்டா வேற எங்கயும் கெடையாதாம், மரத்துலயும் கல்லிடுக்குலயும் இருக்குமாம். போட்டுல பாத்த ஒரு காலேஜ் பொண்ணு சொல்லிச்சு. யோசிச்சுப் பாருங்க. நான் கப்பல்ல வந்தவன். பிரம்மசக்தி கப்பல்ல வந்தவ. பக்கத்து வீட்டு நிதாய் மண்டல் இருக்கான், பெங்காலி, அவங்க அப்பா கப்பல்ல வந்தவரு. எங்க வீட்டச் சுத்தி நிக்கிற வாழைக் கன்னு கூட போட்டுல வந்ததுதான். எங்க வளவுல சொந்த ஊர்க்காரன் அந்த அரணை ஒண்ணுதான். அதப் போயி வெளிய தொரத்துன்னா எப்படி?

நீங்க ஏதோ கேக்க வாரீங்க. இருங்க, சொல்லிருதேன்.

அரணை நக்கினா ஆளு பொழைக்காதுன்னு எங்க ஊர்ல ஒரு பயம் உண்டு. உங்க ஊர்லயும் இருக்கும். அதே ஊர்லதான் அரணைக்கு மறதி ஜாஸ்தின்னும் சொல்லுவாங்க. கடிக்கணும்னு வேகமா ஓடி வருமாம், கிட்ட வந்ததும் எதுக்கு வந்தோம்னு மறந்து திரும்பிப் போயிருமாம். பிரம்மசக்தி முதல் பாதிய மட்டும் நம்புதவ. நான் ரெண்டாவது பாதிய நம்புதவன். முப்பது வருசமா ஒண்ணாக் குடும்பம் நடத்தினோம், அதுல ஒண்ணும் வம்பு வரல.

அன்னிக்கு அவ அடுப்படியில தரையில உக்காந்து மீன் கழுவிக்கிட்டிருந்தா. நான் வாசல்ல நிதாய்கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். துறைமுகத்துல ஒரு தடவ வின்ச் கம்பி அறுந்து, ஒரு ஜீப்பு அந்தரத்துல தொங்குச்சு பாத்துக்கிடுங்க, அந்தக் கதை. நல்ல கட்டத்துல இருக்கேன். உள்ள இருந்து "ஏங்க... அரணை கால நக்கிட்டு! ஓடி வாங்க!"ன்னு சத்தம். நான் என்ன சொன்னேன்? "பயப்படாத, அது மறந்துரும்"னு சொன்னேன். தப்பா தம்பி? ஆறுதலாத்தான சொன்னேன். சொல்லிட்டு நிதாய்க்கு அரணையோட மறதியப் பத்தி வெளக்கமா எடுத்துச் சொன்னேன். அவனுக்கு அது தெரியாதுல்லா, பெங்காலி. அந்தக் கதைய முடிச்சுட்டு, ஜீப்பக் கீழ எறக்கிட்டு, உள்ள போனா இவ சொவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. கால நீட்டி வச்சிருக்கா. மூஞ்சி வேர்த்துருக்கு. "என்ன, மீன் இன்னும் கழுவலியா?"ன்னு கேட்டேன்.

மறுநாள் பெட்டி கட்டிட்டா. "அரணை இருக்குற வீட்டுல நான் இருக்க மாட்டேன்"னு ஒரே வார்த்தை. மக அனுசுயாவுக்குப் போன் போட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டா. கப்பல் ஏத்திவிட்டேன். கப்பல்ல பக்கத்துப் படுக்கையில இருந்த தூத்துக்குடி ஆளுகிட்ட நம்ம கதையெல்லாம் சொல்லி, பத்திரமாப் பாத்துக்கிடச் சொல்லிட்டுத்தான் எறங்கினேன். அந்த ஆளு நல்ல ஆளு. எறங்கறதுக்குள்ள சங்கு ஊதிட்டான்.

சரி, அவ வரணும்னா அரணை போகணும். கணக்கு சுலபந்தான. அடிக்க மனசு வரல. அதான் சொன்னேம்லா, சொந்த ஊர்க்காரன். அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. இதுக்குத்தான் மறதி ஜாஸ்தியாச்சே! புடிச்சு, வேலிக்கு அந்தப் பக்கம் நிதாய் பூசணித் தோட்டத்துல விட்டுட்டா, திரும்பி வர வழி மறந்துரும்லா. ஒரு பாவமும் இல்ல, செலவும் இல்ல.

புடிக்கிறதுதான் பெரும் பாடு. வாலப் புடிச்சா வாலு கையில வந்துரும், அது போயிரும். ஈரத்துணியப் போட்டு மெதுவா அமுக்கி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்ள விட்டேன். விடறதுக்கு முந்தி ஒரு வேலை செஞ்சேன். அனுசுயா விட்டுட்டுப் போன நெயில் பாலிஷ் ஒண்ணு அலமாரியில கெடந்துச்சு. நல்ல சிவப்பு. அதுல ஒரு பொட்டு, கழுத்துக்குப் பின்னால, வச்சுவிட்டேன். வேற அரணை வந்தா இதுதான் அதுன்னு நெனச்சு ஏமாறக்கூடாதுல்லா. வின்ச் ஓட்டினவன் எதுக்கும் அடையாளம் வச்சுத்தான் தூக்குவான்.

காலையில பூசணித் தோட்டத்துல கொண்டு விட்டேன். சாயந்தரம் பல்லு வெளக்குற கல்லு மேல உக்காந்திருக்கு. கழுத்துல சிவப்புப் பொட்டு!

எனக்கு நம்ப முடியல. மறுநாளும் புடிச்சேன், இன்னும் கொஞ்சம் தள்ளி, மாட்டுக் கொட்டகை ஓரமா விட்டேன். சாயந்தரம் கல்லு மேல. அடுத்த நாளு மழைக்குள்ள கொடையப் புடிச்சுக்கிட்டுப் போயி, நிதாய் தோட்டத்துக் கடைசி வேலியில விட்டேன். சாயந்தரம் கல்லு மேல, நனைஞ்சுபோயி, என்னப் பாத்துக்கிட்டிருக்கு. தம்பி, நான் அசந்துட்டேன். இதுக்கா மறதி? யாரு கட்டிவிட்ட பொய் இது? பஜார்ல, ஜெட்டியில, டீக்கடையில, பாத்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். இந்தத் தீவு அரணைக்கு இருக்குற ஞாபக சக்தி மனுசனுக்கு வராதுன்னு. டீக்கடைக்காரன் என்னக் கண்டாலே அடுப்ப அணைக்க ஆரம்பிச்சுட்டான். அந்த நேரம் அவனுக்குக் கடை சாத்துற நேரம் போல.

பிரம்மசக்திக்கும் தெனம் போன் போடுவேன். "எங்க விட்டேன் தெரியுமா, எப்படி வந்துச்சு தெரியுமா"ன்னு ஒண்ணு விடாமச் சொல்லுவேன். மணிக்கணக்கா பேசுவேன். அவ "சரி, வைக்கேன்"னு சொல்லுவா. பொறவு பொறவு மகதான் போன எடுத்தா. "அம்மா தூங்குதாப்பா"ம்பா. காலையில போட்டாலும் தூங்குதா, சாயந்தரம் போட்டாலும் தூங்குதா. சென்னை வெக்கை அப்படி, ஆள அசத்திரும். நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கிடல.

அப்படியே போயிக்கிட்டிருக்கும்போது ஒரு நாளு சாயந்தரம், வாழைக்குப் பின்னால நின்னு காய்க் குலையப் பாத்துக்கிட்டிருக்கேன். நிதாய் மெதுவா வேலியத் தாண்டி வாரான். கையில ஒரு தகர டப்பா. கல்லுகிட்டப் போயி டப்பாவச் சாய்க்கான். அதுல இருந்து என் அரணை எறங்கி வருது!

"நிதாய்!"ன்னு கத்திட்டேன். அவன் திரும்பி, பல்லக் காட்டிச் சிரிக்கான். இந்தியிலதான் பேசுவோம் நாங்க. "தாதா, ஒங்க பிள்ள தெனமும் என் தோட்டத்துக்கு ஓடி வந்துருது. பூன தின்னுரும்னு நான் தேடிப் புடிச்சுக் கொண்டாந்து விட்டுட்டுப் போறேன்"னு சொல்லுதான். தாதான்னா அவங்க பாசையில அண்ணன்.

"யாருடா எனக்குப் பிள்ள? நான்தாண்டா அதத் தொரத்துதேன்!"

"தொரத்துறவனா பொட்டு வைப்பான்?"னு கேக்கான். "வளக்குற பிராணின்னு நெனச்சேன். பௌதியும் ஊர்ல இல்ல, தனியா இருக்கீங்க, அதுவும் ஓடிப் போயிட்டா மனசு ஒடிஞ்சு போயிருவீங்கன்னு." பௌதின்னா அண்ணி. அவன் பொண்டாட்டி வேற தெனம் வெளக்கப் புடிச்சுக்கிட்டு வந்து கொடிக்கு அடியில எல்லாம் தேடுவாளாம். நான் காலையில கொண்டு விட, இவங்க குடும்பமாத் தேடிப் புடிச்சு சாயந்தரம் திருப்பிக் கொண்டாந்து விட்டிருக்காங்க. நான் ஊரு பூரா ஞாபக சக்தின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

எனக்கு வந்த சிரிப்பு இருக்கே, கல்லுலயே உக்காந்துட்டேன். அவனும் உக்காந்துட்டான். ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். அரணை மட்டும் சிரிக்கல.

அன்னையில இருந்து நான் அதப் புடிக்கிறத விட்டுட்டேன். நெசமாச் சொன்னா, அது இல்லாட்டி எனக்கும் பொழுது போகல. மழையில யாரு வெளிய வாரா? அந்தக் கல்லுகிட்ட ஸ்டூலப் போட்டு உக்காந்தா, அது இடுக்குல இருந்து தலைய நீட்டும். தலையச் சாச்சுக்கிட்டுக் கேக்கும் தம்பி. வின்ச் கதை, ஜீப்புக் கதை, பழைய கப்பல்ல வந்த கதை, எதையும் கேக்கும். பாதியில எந்திரிச்சுப் போகாது. பிரம்மசக்தி பாதியில எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா. அவளுக்குக் கதை கேக்கப் பொறுமை கெடையாது.

அப்படி ஒரு நாளு கதை சொல்லிக்கிட்டிருக்கும்போதுதான் அந்தக் கேடு வந்துச்சு. ஜீப்பு எப்படித் தொங்குச்சுன்னு கையால காட்டக் குனிஞ்சேன். மேல் பையில இருந்த போனு தண்ணித் தொட்டியில விழுந்துட்டு. ஓடி எடுத்தேன். தொடச்சு, அரிசிப் பானைக்குள்ள வச்சு, வெயில்ல காயவச்சு, உசுரு வந்துட்டு. லைட் எரிஞ்சுச்சு. அனுசுயாவுக்குப் போட்டேன். அவ பேசறது நல்லாக் கேக்குது. அப்பாடான்னு இருந்துச்சு.

"அம்மாகிட்டக் குடு"ன்னேன்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா? அம்மா, அப்பாதான், இந்தா நீயே பேசு. ஒண்ணும் சொல்ல மாட்டேங்காங்க"ன்னா.

நான் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்! "அரணை போயிட்டு பிள்ளே! வீடு சுத்தமா இருக்கு! நீ வா!"ன்னு கத்துதேன். பொய்தான், ஆனா நல்ல காரியத்துக்குத்தான.

அவ, "என்ன, பேச்சக் காணோம்?"ங்கா. நான் இன்னும் சத்தமாச் சொல்லுதேன். பொறவு, "என்னமோ இன்னிக்கு அதிசயமா ம் கொட்டுதீங்க"ன்னு சொன்னா. எனக்கு ஒண்ணும் விளங்கல. நான் எங்க ம் கொட்டினேன்? நான் பேசிக்கிட்டுல்லா இருக்கேன்.

அப்படியே அவ பேச ஆரம்பிச்சா தம்பி. பேரனுக்கு முன் பல்லு விழுந்தது, சம்பந்தியம்மா சாம்பார்ல வெல்லம் போடறது, மாடியில இருந்து பாத்தா ரயிலு போறது தெரியுறது. நான் நடுவுல நடுவுல அரணை போன கதையக் கத்திக்கிட்டேதான் இருந்தேன். அவ பேசிக்கிட்டே இருந்தா. மறுநாளு அவளே போன் போட்டா! கல்யாணம் ஆனதுல இருந்து அவளா எனக்குப் போன் போட்டது அதுதான் மொத தடவ. அதுக்கு அடுத்த நாளும் போட்டா. எனக்குக் கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு. கஷாயம் குடிச்சுக்கிட்டு, வேற வழியில்லாம, பேசாமக் காதுல வச்சுக் கேட்டேன்.

என்னென்னமோ சொன்னா. கல்யாணம் ஆகி மொத மொதல்ல கப்பல்ல வந்தோம்லா, அப்ப அவளுக்குக் கடல் ஒத்துக்கிடாம வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போயிட்டாளாம். நான் மேல் தளத்துல நின்னு நாலு பேருகிட்டப் பேசிக்கிட்டிருந்தேனாம். யாரோ ஒரு மலையாளத்துப் பொம்பள தலையப் புடிச்சுவிட்டாளாம். "அவ மூஞ்சி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு, உங்க மூஞ்சி ஞாபகம் இல்ல"ன்னா. நான் அந்தப் பயணத்துல புடிச்ச சிநேகிதங்க எத்தன பேரு தெரியுமா? அது அவளுக்குத் தெரியல.

பொறவு ஒரு நாளு சொன்னா, எங்க தீவுல சூரியன் மறையுறதப் பாக்க வெள்ளக்காரன்ல இருந்து எல்லாரும் காசு குடுத்து வாரான், அவ ஒரு நாளு கூட அந்தக் கரையில போயி நின்னதில்லைன்னு. சூரியனப் பாக்க அம்புட்டுத் தூரம் எதுக்கு? எங்க வீட்டுக் கொல்லையில நின்னாலே தெரியுமே. இத இத்தன வருசம் சொல்லாம வச்சிருந்திருக்கா பாருங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா? சொன்னேன்னு சொல்லுதா. நெறய தடவ சொன்னாளாம்.

அந்த அரணை நக்கின கதையும் வந்துச்சு. "அன்னிக்கு நெசமாவே செத்துருவேன்னு நெனச்சேன். கால் மரத்துப் போற மாதிரி இருந்துச்சு. அனுசுயா மூஞ்சி கண்ணுக்கு முன்னால வந்துச்சு. சாவுறதப் பத்திக் கூட எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும்னு இருந்துச்சு. வாசல்ல உங்க சிரிப்புச் சத்தம் கேக்குது. நீங்க வரல"ன்னா.

அரணை நக்கி யாரும் சாகல தம்பி. அது எனக்குத் தெரியும், அதனாலதான் நான் போகல. ஆனா மறைப்பானேன், அவ அதச் சொன்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிட்டு. ஏன்னு தெரியல. கஷாயம் காரமா வேற இருந்துச்சு.

கடைசியாப் பேசும்போதுதான், "புரட்டாசி கழிஞ்சதும் வாரேன். டிக்கெட் போடச் சொல்லிட்டேன். அந்த அரணை இருந்தா இருந்துட்டுப் போகுது"ன்னா. நான் துள்ளிட்டேன். அப்பதான் அடுத்து அந்த வார்த்தையையும் சொன்னா, பழைய மாதிரியே இருந்தா அடுத்த கப்பல்ல ஏறிருவேன்னு.

கப்பல் எப்ப வருதுன்னு கேக்க துறைமுகத்துல ஒரு கூட்டாளிக்குப் போன் போட்டேன். அவன் ஹலோ ஹலோன்னு வச்சுட்டான். மறுபடி போட்டேன், மறுபடி வச்சுட்டான். சந்தேகம் வந்துட்டு. நிதாயக் கூப்பிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொல்லி, அவன் போனுக்கு அடிச்சு, "நிதாய், பூசணி காய்ச்சிருக்கா?"ன்னு கேட்டேன். அவன் போனக் காதுல வச்சுக்கிட்டு முழிக்கான். "தாதா, ஒண்ணும் விளங்கல. ம்... ம்ம்...னு மட்டும் வருது"ங்கான். தண்ணி போனதுல, என் குரலு அந்தப் பக்கம் அப்படித்தான் போயிருக்கு. நான் என்ன சொன்னாலும் அங்க ம்! எத்தன நாளு கத்தியிருக்கேன், ஒரு வார்த்த போய்ச் சேரல. வெறும் ம்!

நிதாய் விழுந்து விழுந்து சிரிச்சான். பொறவு சட்டுனு சிரிப்ப நிறுத்திட்டு, "தாதா, இந்தப் போன ரிப்பேருக்கு மட்டும் குடுத்துராதீங்க"ன்னான். பெங்காலிக்காரன், சிக்கனம் பாக்குதான். நான் இன்னிக்கே குடுக்கணும்னு பையில வச்சுக் கொண்டாந்திருக்கேன்.

ஆனா எனக்கு ஒரு விசயம் மட்டும் புடிபடல தம்பி. அரணை போயிட்டுன்னு நான் சொன்னது ஒண்ணும் அவளுக்குக் கேக்கல. அப்படின்னா அவ எதுக்கு வாரா? எத நம்பி வாரா? நானும் போட்டு உருட்டிப் பாக்கேன். சென்னைத் தண்ணி ஒத்துக்கிடலையோ என்னமோ. இல்ல, இங்க கெடைக்கிற மாதிரி மீனு அங்க கெடைக்காதுல்லா. அதாத்தான் இருக்கும்.

பழைய மாதிரி இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாளா, நானும் விடல. வீடு பூரா வெள்ளையடிச்சுட்டேன். அடுப்படிக்குப் புதுக் கதவு. தண்ணித் தொட்டிக்கு மூடி. நிதாய் பொண்டாட்டி பூசணிக்காய் ஒண்ணு குடுத்துவிட்டிருக்கா. பிரம்மசக்தி எறங்கினதும் ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லணும். வெள்ளையடிச்சவன் சுண்ணாம்பு கலக்கினது, கதவு செஞ்சவன் அளவு தப்பா எடுத்தது, நிதாய் டப்பாவோட வந்தது. எதுல தொடங்கறதுன்னுதான் தெரியல. அஞ்சு மாசக் கதை கெடக்கு. சாயந்தர போட்டுல வீடு போய்ச் சேர்றதுக்குள்ள முடியாது.

என்ன தம்பி, மூஞ்சிய ஏன் அப்படி வச்சுக்கிட்டிருக்கீங்க? போட்டு ஆடுதா? எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், மோந்து பாருங்க.

அந்தா, ஜெட்டி தெரியுது. ஃபீனிக்ஸ் பே. அந்த நீலக் கூரைக்கு அடியில பாருங்க, கூட்டத்துக்கு முன்னால, மஞ்சச் சீலை. காலுக்குப் பக்கத்துல பெட்டி. பிரம்மசக்திதான்! கொஞ்சம் எளச்சுட்டா. இல்ல, எளைக்கல, தலைமுடி வெட்டியிருக்கா. மக வேலையா இருக்கும். நல்லாத்தான் இருக்கு. தம்பி, என் சட்டைக் காலரு சரியா இருக்கா பாருங்க. இத்தன வயசுக்கு அப்புறம் இது என்ன கூத்து.

கைய ஆட்டுதா. இல்ல, கைய ஆட்டல. என்னமோ சொல்லுதா. வாயி அசையுது. இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் விளங்கல. நான் வெள்ளையடிச்சத இங்க இருந்தே சத்தமாச் சொல்லிருவோமா? சொன்னா அவளுக்குக் கேக்கும், எனக்கு நல்ல கொரலு.

இருங்க. மறுபடியும் சொல்லுதா. அதையேதான் சொல்லுதா போல. கயிறு போடுதான், இஞ்சின அமத்தப் போறான்.

தம்பி, கொஞ்சம் பேசாம இருங்க. அவ என்ன சொல்லுதான்னு கேக்கணும்.